ஆக்சிஜன் இயந்திரம் ஓடியும் அப்பாவுக்கு மூச்சு இறைத்தது ஏன்?

குடியாத்தத்தில் வீட்டிலேயே வைத்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறோம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஆக்சிஜன் செறிவூட்டி நிமிடத்துக்கு 2 லிட்டரில் இருக்கவேண்டும், விரலில் மாட்டும் கருவி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதம் வரை காட்டினால் போதும் என்று வேலூர் மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரு மாலை 84-க்கு இறங்கிவிட்டது. இயந்திரம் ஓடுகிறது, ஆக்சிஜனை ஈரமாக்கும் தண்ணீர்ப் புட்டியில் குமிழும் வருகிறது. அளவைக் கூட்டத் தம்பி கை நீட்டினான், தடுத்துவிட்டேன். இந்த நோயில் ஆக்சிஜன் மிகுந்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கிவிடும்.

தலையணைமேல் கைகளை ஊன்றி, அப்பாவை முன்சாய்த்து உட்காரவைத்தேன். மூக்குக்குழாயின் முனையை ஒரு நொடி தம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் குமிழே இல்லை. குழாயை மடித்துப் பிடித்தேன். ஓட்டம் தடைபட்டால் இயந்திரத்தின் அளவுகாட்டியில் மிதக்கும் குண்டு கீழே இறங்கவேண்டும்; இறங்கவில்லை. அப்படியென்றால் வழியில் கசிவு! ஈரப்பதப் புட்டியின் மூடி மரை மாறி ஏறியிருந்தது. கழற்றி நேராகத் திருகினேன். மறுபடி குழாயை மடித்ததும் குண்டு விழுந்தது. சற்று நேரத்தில் 89.

இப்போது தினமும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மாற்றும்போதே குழாயை மடித்துப் பார்த்துவிடுகிறோம். கசிவு இல்லாமலும் அளவு ஏறாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், நோயாளி அரைத்தூக்கத்தில் குழறினால், வீட்டில் ஆராய்ந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.