மீட்டர் ஏறினால் அமிலமும் ஏறியது என்று நினைக்காதீர்கள்: கந்தக அமிலப் பிரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இரவு ஷிப்டின் லாக் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், “அமிலச் செறிவு சீராகிவருகிறது” என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் ஏறக்குறைய அதே வரியை எழுதியவன் நான்.

கண்ணாடி, கையுறை, அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே என்பதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே முடிந்த பாடம். உர ஆலைக்குள் வந்த பிறகு செய்கிற தவறுகள் வேறு.

கந்தகம் ஓடவில்லை என்று சூட்டைக் கூட்டுவது

160 டிகிரியைத் தாண்டினால் உருகிய கந்தகம் இளகாது, பாகாக இறுகும். 140ஐ ஒட்டி நிறுத்துங்கள்.

“அமிலம்தானே, விஷவாயுவா என்ன” என்பது

டெல்லியில் 1985 டிசம்பர் 4 அன்று உர ஆலையிலிருந்து கசிந்து ஊரைக் கலங்கடித்தது ஓலியம், அதாவது கந்தக ட்ரை ஆக்சைடு கரைந்த கந்தக அமிலம்.

வெள்ளைப் புகை இல்லையென்றால் வாயுவும் இல்லை என்று நம்புவது

கந்தக டை ஆக்சைடுக்கு நிறம் கிடையாது. ஒரு டன் அமிலத்துக்குச் சுமார் 653 கிலோ கந்தக டை ஆக்சைடு வேண்டும். கன்வெர்ட்டர் என்ற உலை அதில் 99.7 சதவீதத்தைக் கந்தக ட்ரை ஆக்சைடாக மாற்றினால் புகைபோக்கி வழியே போவது டன்னுக்கு 2 கிலோ. 98 சதவீதம்தான் மாறியது என்றால் 13 கிலோ. இரண்டு நாளும் வானம் ஒரே மாதிரிதான் தெரியும்.

வினையூக்கி சூடேறுமுன் கந்தகத்தைத் திறப்பது

கன்வெர்ட்டரில் அடுக்கடுக்காக இருக்கும் வனேடியம் வினையூக்கி 400 டிகிரியை ஒட்டித்தான் விழித்துக்கொள்ளும். நின்ற ஆலையை எழுப்பும்போது, “அமிலம் எப்போது வரும்?” என்று பாஸ்பாரிக் அமிலப் பிரிவிலிருந்து ஓயாமல் போன் வரும். அந்த அவசரத்தில், முதல் அடுக்கு சூடானதை மட்டும் பார்த்துவிட்டுக் கந்தகத்தை விடுவார்கள். கடைசி அடுக்கு குளிர்ந்தே கிடக்கும். மாறாத வாயு அடுத்த ஊருக்கு இருமலாகப் போய்ச் சேரும்.

உலர்த்தும் கோபுரத்தின் மீட்டரை மட்டும் நம்புவது

இங்கேதான் என் ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

கந்தகத்தை எரிக்கப் போகும் காற்றை முதலில் ட்ரையிங் டவரில் அடர் அமிலத்தால் கழுவி, ஈரத்தை எடுத்துவிடுகிறோம். எங்களிடம் அந்த அமிலம் 96 சதவீதத்தில் ஓட வேண்டும். நீர்த்துப்போனால், கந்தக ட்ரை ஆக்சைடை அமிலம் உறிஞ்சிக்கொள்ளும் உறிஞ்சு கோபுரத்திலிருந்து 98.5 சதவீத அமிலத்தைத் திருப்பிவிட்டு ஈடுகட்டுவோம். செறிவைச் சொல்வது கடத்துத்திறன் மீட்டர்: அமிலம் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை வைத்துக் கணக்குப்போடும். அமிலம் 96இலிருந்து 92 வரை நீர்க்கும்போது கடத்துத்திறன் ஏறும். செறிவு குறைகிறது என்று மீட்டர் சரியாகவே காட்டும். 92க்குக் கீழே போனதும் கோடு திரும்பிவிடும். ஏறக்குறைய 85 வரை, அமிலம் நீர்க்க நீர்க்கக் கடத்துத்திறன் இறங்கும். மீட்டருக்கு இந்தத் திருப்பம் தெரியாது. செறிவு ஏறுகிறது என்று அடித்துச் சொல்லும்.

அது ஐப்பசி அடைமழை இரவு. அந்த அமிலத்தைத் தண்ணீரால் ஆறவைக்கும் கூலரின் குழாய் ஒன்றில் ஊசித்துளை விழுந்திருந்தது. அங்கே தண்ணீரின் அழுத்தம் அமிலத்தின் அழுத்தத்தைவிட அதிகம். தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. 10 மணிக்கு மீட்டரில் 92. மழைக்காற்றின் ஈரம் என்று முடிவுகட்டி, அடர் அமில வால்வைக் கொஞ்சம் திறந்தேன். 12 மணிக்கு 93.5. 2 மணிக்கு 95. லாக்கில் “சீராகிவிட்டது” என்று எழுதினேன். திறந்த வால்வைப் பழையபடி குறைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மூன்றரை மணிக்குப் புகைபோக்கியில் வெள்ளைத் திரை. நீர்த்த அமிலம் காற்றை உலர்த்தவில்லை. தப்பிய ஈரம் கந்தக ட்ரை ஆக்சைடோடு சேர்ந்து அமில மூடுபனியாகிவிட்டது. அந்த நுண்துளிகளை உறிஞ்சு கோபுரத்தின் அமிலம் பிடிக்காது. மேலே உள்ள வடிகட்டிகளும் ஓரளவுக்குத்தான் தாங்கும். நானோ விடியும்வரை உறிஞ்சு கோபுரத்தின் செறிவையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஷிப்டுக்கு வந்த மூத்த ஆபரேட்டர் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பி, ட்ரையிங் டவரில் கடைசியாக எப்போது சாம்பிள் எடுத்தாய்?”

எடுக்கவே இல்லை. ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்து பார்த்தபோது 86 சதவீதம். அவ்வளவு தூரம்கூடப் போயிருக்க வேண்டாம். 96க்கும் 98க்கும் உள்ள வித்தியாசத்தை, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் ஆறிய அமிலத்தில் 1.83 இருக்க வேண்டிய இடத்தில் 1.79 காட்டினால் குழந்தைக்கும் புரியும். அதைவிடக் கொடுமை, பம்ப் தொட்டியின் மட்டம் இரவு முழுக்க ஏறிக்கொண்டிருந்தது. மணிக்கொருமுறை அதை லாக்கில் குறித்தவனும் நான்தான்.

நீர்த்த சூடான அமிலம் எஃகை அரித்தது. அரிக்க அரிக்கத் துளை பெரிதானது. பெரிதான துளை இன்னும் தண்ணீரை விட்டது. இப்படி அரிக்கும்போது ஹைட்ரஜனும் பிறக்கும். ஒரு பொறி பட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கூலரையும் பம்பின் இம்பெல்லரையும் மாற்றினோம். ஆலை ஒன்பது நாள் நின்றது.

மீட்டர் 92ஐத் தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு அது காட்டும் எண்ணை எழுதாதீர்கள். பாட்டிலோடு கீழே இறங்குங்கள்.

அந்தப் புதிய பொறியாளரைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சாம்பிள் எடுத்தீர்களா என்று கேட்டேன். ஆய்வகச் சீட்டைக் காட்டினார்: 95.2. வயிறு ஆறியது. பிறகுதான் தெரிந்தது, சாம்பிள் எடுத்தது அவரில்லை. ஆய்வகத்துப் பையன் தன் வழக்கமான சுற்றில் வந்து எடுத்துப்போயிருக்கிறான்.