பெண்ணுக்கு நெஞ்சு வலித்தால்: ‘கேஸ்’ என்று முடிவுகட்டும் முன் ஈசிஜி

ஆண் நெஞ்சைப் பிடித்தால் வண்டியை எடுக்கிறோம். பெண் பிடித்தால் ஓமத் தண்ணீர் வைக்கிறோம். ஆஸ்பத்திரியிலும் இது நடக்கிறது. ஆணைப் போலவே நோயைக் காட்டினால்தான் பெண்ணுக்கு முறையான சிகிச்சை கிடைக்கிறது என்ற இந்தப் போக்குக்கு, அமெரிக்க இதய மருத்துவர் பெர்னடின் ஹீலி 1991-இல் ‘யென்டில் சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்தார்.

பெண்களுக்கும் மாரடைப்பின் முதல் அறிகுறி பெரும்பாலும் நெஞ்சில் அழுத்தம்தான். ஆனால் கூடவே மூச்சு வாங்குதல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, என்றுமில்லாத அசதி என்று நாலைந்து சேர்ந்து வருவதால், முக்கியமானது அமுங்கிப்போகிறது. சர்க்கரை உள்ளவருக்கு வலியே தெரியாமலும் போகலாம்.

வீட்டில்

சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108. டூவீலரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். வழியில் மயங்கினால் பிடிக்க ஆளில்லை. ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தக்கசிவு, குடல்புண் இல்லையென்றால், 108-இல் பேசுபவரிடம் கேட்டுக்கொண்டு 300 மி.கி. மென்று விழுங்கலாம். எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் (2023) ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோகிரெல் (ரத்தம் உறைவதைத் தடுப்பது) 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைப்பது) 10 மி.கி. 8 என 14 மாத்திரை கொடுப்பார்கள். ஏற்கெனவே ஆஸ்பிரின் போட்டிருந்தால் அங்கே கட்டாயம் சொல்லுங்கள்.

கேஷுவாலிட்டியில் என்ன சொல்வது

பாதி காரியம் கெடுவது இங்கேதான். “கேஸ் பிராப்ளம் மாதிரி இருக்கு டாக்டர்”, “வீட்ல கொஞ்சம் டென்ஷன்” என்று நாமே ஆரம்பித்தால், சீட்டில் அதுதான் ஏறும். காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்:

“காலையில 6:40-க்கு, துணி துவைக்கும்போது ஆரம்பிச்சது. நெஞ்சு நடுவுல கல்லு வச்ச மாதிரி. தாடைக்கு ஏறுது. வியர்த்துக் கொட்டுச்சு. 8 வருஷமா சர்க்கரை. ஈசிஜி எடுத்துடுங்க.”

கர்ப்பகாலத்தில் பி.பி. அல்லது சர்க்கரை இருந்ததா, 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவை பிற்காலத்தில் இதயநோய் ஆபத்தைக் கூட்டுபவை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை.

ஈசிஜி

வந்த 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது விதி. பெண்களுக்குத் தாமதமாவதற்கு ஒரு சின்னக் காரணம் துணி. புடவையின் ஊக்கு, ஜாக்கெட் கொக்கி, தாலிச்செயின் எல்லாம் கழற்றியாக வேண்டும். வரும் வழியிலேயே ஊக்கை எடுத்துவிட்டு ஒரு துப்பட்டாவால் போர்த்திவிடுங்கள். திரையும் பெண் ஊழியரும் கேட்கலாம். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கூச்சத்தில் ஜாக்கெட்டைக் கொஞ்சம் தூக்கி, லீடுகளை (V1, V2 என்று எண்ணிட்ட ஒயர் முனைகளை) எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவதும் உண்டு. V1, V2 நெஞ்செலும்பின் இருபுறமும் நான்காம் விலா இடைவெளியில். V4 ஐந்தாம் இடைவெளியில், காறை எலும்பின் நடுவுக்கு நேர்கீழே. மார்பகம் பெரிதாக இருந்தால் அதைத் தூக்கி, அடியில் ஒட்டுவதே வழக்கம். V1, V2-வை மேலே ஏற்றி ஒட்டினால் இல்லாத கோளாறு தெரியலாம், இருப்பது மறையலாம்.

‘நார்மல்’ என்று வந்தால்

ஒரு நார்மல் ஈசிஜியோடு வீடு திரும்பாதீர்கள். வலி தொடர்ந்தால் 15–30 நிமிடத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) ரத்தப் பரிசோதனையும் ஒரு தடவை போதாது. மாரடைப்பு தொடங்கியவுடனேயே அது ஏறாது. ஹை சென்சிடிவிட்டி (மிகச் சிறிய அளவையும் காட்டும்) வகையென்றால் 1–3 மணி நேரத்தில், சாதாரண வகையென்றால் 3–6 மணி நேரத்தில் திரும்ப எடுப்பார்கள். ஹை சென்சிடிவிட்டி சோதனையில் பெண்ணுக்கான வரம்பு தனி: பரவலாக உள்ள ஒரு ட்ரோபோனின்-ஐ சோதனையில் ஆணுக்கு 34, பெண்ணுக்கு 16 நானோகிராம்/லிட்டர். எந்த வரம்பை வைத்து நார்மல் என்கிறார்கள் என்று கேளுங்கள்.

பான்டாப் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும்) ஊசி போட்டதும் வலி குறைந்ததா? அது வாயுதான் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. மாரடைப்பு வலியும் ஏறி இறங்கும்.

ட்ரோபோனின் ஏறி, ஆஞ்சியோவில் அடைப்பில்லை என்றாலும் கதை முடியவில்லை. ரத்தக்குழாயின் உட்சுவர் தானாகக் கிழிவது இளம் பெண்களிடம், குறிப்பாகப் பிரசவத்துக்குப் பின், வரக்கூடியது. சில சமயம் ஆஞ்சியோவில் அது கண்ணுக்குத் தப்பும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ட்ரோபோனின் ஏறியதற்கான காரணத்தை எழுதித்தரச் சொல்லுங்கள்; ஆஞ்சியோ சிடியையும் ஈசிஜி தாள்களையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.