“கடைசி விலை என்ன?” என்று கேட்பவருக்கு எப்படிப் பதில் சொல்வது

திருகோணமலை பாலையூற்றில் எங்கள் வீட்டு விறாந்தைதான் என் கடை. பழைய தையல் மெசின்களை வாங்குவோம், தம்பி பழுது பார்ப்பார், நான் தைத்துப் பார்த்துவிட்டு பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் படம் போட்டு விற்பேன். பெரும்பாலும் கறுப்புச் சிங்கர் கால் மெசின்கள், இடைக்கிடை கை மெசின். இங்கே கடற்காற்று, இரும்பு என்றால் உப்புத் தின்றுவிடும். இறுகிப்போன ஒரு மெசினை மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, துருப் போக்கி, எண்ணெய் போட்டு ஓட வைக்க இரண்டு நாள் ஆகும். தொடங்கிய புதிதில் அந்த இரண்டு நாள் வேலை எனக்குக் கஷ்டமாக இல்லை. வாங்க வருகிறவரோடு பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு அழுத நாட்கள் உண்டு.

பிறகுதான் ஒன்று புரிந்தது. பத்துத் தரம் ஒரே கேள்வியைக் கேட்கிறவர், பாதி விலைக்குக் கேட்கிறவர், வாங்கிய பிறகு கத்துகிறவர், இவர்களில் அநேகம் பேர் பயத்தில்தான் அப்படி நடக்கிறார்கள். சட்டை தைத்துச் சீவிக்கிற ஒரு பெண்ணுக்கு முப்பதாயிரம் ரூபா சின்னக் காசில்லை. கண்ணால் காணாத பொருளுக்கு, முகம் தெரியாத ஆளிடம் அதைக் கொடுக்கப் போகிறார். அந்தப் பயத்துக்கு நாம் முதலே பதில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

அதற்கான இடம் விளம்பரம்தான். நான் குறையை முதல் வரியில் எழுதுவேன். “பலகையில் வலது மூலை வெடிப்பு. தங்கப் பூ வேலை அழிந்திருக்கிறது. பெல்ட் புதிது. மோட்டார் இல்லை, காலால் மிதிப்பது.” வெடிப்பைக் கிட்ட வைத்துத் தனிப் படம் எடுத்துப் போடுவேன். அதோடு ஒரு சின்ன வீடியோ, இருபது விநாடி போதும். பருத்தித் துணியை இரண்டாக மடித்து ஒரு சாண் நீளம் தைத்து, அப்புறம் துணியைத் திருப்பி அடிப்பக்கத் தையலைக் காட்ட வேண்டும். மேல் தையல் பல மெசின்களில் அழகாகத்தான் தெரியும். நூல் இழுவை சரியா இல்லையா என்பதை அடிப்பக்கம்தான் சொல்லும். தையல் தெரிந்தவர் அதைப் பார்த்ததும் கேள்வியில் பாதியை விட்டுவிடுவார். கந்தளாய்ப் பக்கத்திலிருந்து சிங்களத்தில் கேட்பவர்களுக்காக இதே விபரத்தை மருமகளிடம் சிங்களத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.

சரி, விலைக்கு வருவோம். படம் போட்டுப் பத்து நிமிடத்துக்குள் “கடைசி விலை?” என்று வரும். வணக்கமும் இருக்காது, மெசின் ஓடுமா என்ற கேள்வியும் இருக்காது. முன்பு எனக்குக் கோபம் வரும், உடனே இரண்டாயிரம் குறைத்தும் சொல்லிவிடுவேன். அது பெரிய பிழை. பொருளைப் பார்க்காத ஆளுக்கு விலையைக் குறைத்தால், பார்க்க வரும்போது அந்தக் குறைத்த விலையிலிருந்துதான் அவர் பேரத்தைத் தொடங்குவார். இப்போது எல்லோருக்கும் ஒரே பதில்: “34,000 ரூபா போட்டிருக்கிறேன். வந்து தைத்துப் பாருங்கோ, பிடித்திருந்தால் நேரில் பேசுவம்.” அதற்குமேல் எழுதுவதில்லை. எந்த விலைக்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்பதைப் படம் போடும் முன்பே கொப்பியில் எழுதி வைத்துவிடுவேன். ஆள் முன்னால் நிற்கும்போது யோசித்தால் இரக்கம் வரும், பிறகு தம்பியின் கூலி விழுந்துவிடும்.

“எனக்கு வையுங்கோ அக்கா, நாளைக்கு வாறன்” என்பவர்களுக்கு நான் வைப்பதில்லை. 2,000 ரூபா முற்பணம் போட்டால் மூன்று நாள் வைப்பேன். போடாவிட்டால் முதலில் காசோடு வருகிறவருக்கு. இதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு மனவருத்தம் வராது.

முடிந்தவரை நேரில் வரச் சொல்லுங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு அக்கரை ஆட்கள் வந்து போவது இலேசு. அதற்கு முன் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடக்க வேண்டும். வருகிறவருக்குப் பகல் நேரம் கொடுங்கள், வீட்டில் இன்னொரு ஆள் இருக்கட்டும். வந்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெசினை அவர் கையிலேயே விட்டுவிடுவேன். அவர் கொண்டுவந்த துணியில் அவரே தைக்கட்டும். நான் பேசுவதைக் குறைத்துக்கொள்வேன். ஒருமுறை கிண்ணியாவிலிருந்து வந்த நானா ஒருவர் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கமாட்டார் என்று நினைத்தேன். எழும்பிக் காசை எண்ணித் தந்தார், ஒரு ரூபாகூடக் குறைக்கக் கேட்கவில்லை. காசு வாங்கும்போது 5,000 ரூபா நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, தாளுக்குள் நீர்வரியாகத் தெரியும் குருவியைப் பாருங்கள். அவர் முன்னாலேயே பார்க்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

ஏமாற்ற வருகிறவரைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் அடையாளம் போதும்: அவர் மெசினைப் பற்றி ஒன்றுமே கேட்கமாட்டார். விலையும் பேசமாட்டார், அவசரம் மட்டும் இருக்கும். “காசு போட்டாச்சு, ஸ்லிப் அனுப்பிட்டன், பின்னேர பஸ்ஸில ஏத்தி விடுங்கோ” என்று ஒருவர் எனக்கு எழுதினார். ஸ்லிப்பில் என் பெயர், கணக்கு இலக்கம், நேரம் எல்லாம் இருந்தது. கணக்கில் காசு இல்லை. ஸ்லிப் படத்தைப் போனிலேயே செய்யலாம், அதனால் உங்கள் கணக்கின் மீதியை மட்டும் நம்புங்கள். வங்கிக்கு வங்கி உடனடியாக அனுப்பும் காசு சில நிமிடத்தில் வந்துவிடும். வேறு முறையில், அதுவும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பினால், அடுத்த வேலை நாள்வரை போகலாம். ஆகவே உடனே கள்ளன் என்று சொல்லிவிட வேண்டாம். “காசு ஏறினதும் அனுப்புவன்” என்று ஒரே வரியில் எழுதுங்கள். உண்மையான ஆள் காத்திருப்பார். எனக்கு அந்த ஸ்லிப்பை அனுப்பியவர் இரண்டு மணி நேரம் திட்டிவிட்டுக் காணாமல் போனார்.

உங்களுக்குக் காசு அனுப்ப ஒருவருக்குத் தேவையானது பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம், இவ்வளவுதான். கார்ட் இலக்கம், பின்னால் உள்ள மூன்று எண், போனுக்கு வரும் ஓடிபி, இதில் எதைக் கேட்டாலும் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். கூரியர்காரர் பெயரில் லிங்க் வந்தாலும் அழுத்த வேண்டாம்.

இனி, விற்ற பிறகு வரும் சண்டை. இதைத்தான் நான் அதிகம் படித்தேன்.

மூதூர்ப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் மெசின் கொண்டுபோன அன்று இரவே போன் எடுத்தார். “அக்கா, நீங்க என்னை ஏமாத்திப்போட்டீங்க. நூல் அடியில கட்டி கட்டியா நிக்குது. என்ர காசைத் தாங்கோ.” பின்னால் அவருடைய தாயாரும் சத்தம் போடுவது கேட்டது. எங்கள் விறாந்தையில் ஒழுங்காகத் தைத்த மெசின் அது. அதைச் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரைப் பொய்காரி ஆக்கியிருப்பேன். “காசு எங்கையும் போகாது தங்கச்சி. முதல்ல அந்தத் துணியைப் படம் எடுத்து அனுப்புங்கோ” என்றேன். படம் வருவதற்குள் அவருடைய குரலும் இறங்கிவிட்டது.

பிறகு வீடியோ அழைப்பில் வரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டேன். அடியில் கட்டி விழுந்தால் எல்லோரும் அடி நூல் சுற்றியிருக்கும் பொபினைத்தான் கழற்றுவார்கள். பிழை அநேகமாக மேல் நூலில் இருக்கும். நூலை எடுத்துவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை உயர்த்தி வைத்து, மறுபடி கோர்க்கச் சொன்னேன். நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் இறங்காமல் மேலாகவே போயிருந்தது. ஊசியையும் மாற்றியிருந்தார், அதன் தட்டைப் பக்கம் மாறியிருந்தது. அதையும் திருப்பிப் போட்டு, இரண்டு நூல் நுனியையும் விரலால் பிடித்துக்கொண்டு சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றச் சொன்னேன். நாலைந்து தையல் போனதும் அவர் பேசவில்லை, மெசின் சத்தம் மட்டும் கேட்டது. அன்றிலிருந்து நூல் கோர்க்கும் ஒழுங்கை அம்புக்குறி போட்டு ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு மெசினின் லாச்சியிலும் வைத்துவிடுகிறேன். அந்த வகை அழைப்பு நன்றாகக் குறைந்துவிட்டது.

ஆனால் எல்லாப் பிழையும் வாங்குகிறவர் பிழை இல்லை. நிலாவெளியில் ஒரு அக்கா, “தடிச்ச துணி தைக்குமா?” என்று கேட்டார். நான் தைத்துப் பார்க்காமலே “ஓம்” என்றேன். அவர் பாடசாலைப் பை தைக்கிறவர். நாலு மடிப்பில் மெசின் தையலை விட்டு விட்டுப் போனது. 18ஆம் இலக்க ஊசி போட்டும் சரிவரவில்லை. முழுக் காசையும் திருப்பிக் கொடுத்தேன், அவர் ஓட்டோவுக்குக் கொடுத்ததையும் சேர்த்து. அந்த மாதம் எங்களுக்குக் கையைக் கடித்தது. ஆனாலும் அது நான் சொன்ன சொல்லுக்கான காசு. இப்போது விலை பேசும் முன்பே, “என்ன தைக்கப் போறீங்கள்?” என்று நானே கேட்டுவிடுகிறேன்.

விற்றதும் ஒரு சின்னத் தாள் எழுதுங்கள். திகதி, மெசினில் அடித்திருக்கும் இலக்கம், விலை, சொன்ன குறைகள், பத்து நாளுக்குள் ஓடாவிட்டால் திருப்பி எடுப்போம் என்ற வரி, இரண்டு பேர் கையெழுத்து. அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. தூரத்துக்கு அனுப்பினால் கட்டும் முன்பு எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கால் மெசினின் வார்ப்பிரும்புக் கால், பார்க்கப் பலமாக இருந்தாலும், விழுந்தால் வெடித்துவிடும். அதனால் தலையையும் காலையும் நான் வேறு வேறாகக் கட்டுவேன்.

கடன் கேட்கும் சொந்தக்காரர்தான் எனக்கு இன்னமும் கஷ்டம். மச்சாளிடம் ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது? நீளமாகக் காரணம் சொல்லப் போனால் அவர் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வழி காட்டுவார். “தம்பியின்ர கூலியும் இதிலதான், பாதியைத் தந்திட்டு எடுங்கோ, மீதியை இரண்டு மாசத்தில தாங்கோ” என்று மட்டும் சொல்வேன். தைத்துப் பிழைக்கத் தொடங்குகிற பெண் என்றால் நாலு மாதம். அதையும் அதே தாளில் எழுதுவேன், சொந்தம் என்பதால் இன்னும் தெளிவாக எழுதுவேன்.

கெட்ட வார்த்தை பேசுகிறவருக்கு நான் பதில் எழுதுவதில்லை. வந்ததை அழிக்காமல் படம் பிடித்து வைத்துவிட்டு, இலக்கத்தைத் தடுத்துவிடுவேன். மிரட்டினால் அந்தப் படங்களோடு பொலிஸ் நிலையம் போகலாம். படலைக்கே வந்து நின்றால் 119. வியாபாரத்துக்குத் தனி சிம் வைத்திருங்கள், பெண்கள் கட்டாயம் வைத்திருங்கள். என்னுடையதை இரவு எட்டு மணிக்கு நிறுத்திவிடுவேன். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திறந்தால் பத்துப் பதினைந்து செய்தி வந்திருக்கும். மெசினைப் பற்றிக் கேட்டவர்களுக்கு முதலில் பதில் போடுவேன். “கடைசி விலை?” ஆட்களுக்கு அப்புறம்.