சாட் அசிஸ்டண்டுக்கு டூல் கொடுக்கும்போது சொதப்பும் இடங்கள்

டூலை, அதாவது நாம் எழுதிய ஒரு ஃபங்ஷனை, கொடுத்துவிட்டால் அசிஸ்டண்டுக்குள் இருக்கும் ஏஐ மாடலே போய் அதை ஓட்டிவிட்டு வந்துவிடும் என்று நினைப்பதில்தான் பாதிக் கோளாறு. அது எதையும் ஓட்டாது. 'இந்த ஃபங்ஷனை இந்த மதிப்புகளோடு கூப்பிடு' என்று ஜேசானில் (புரோகிராம்கள் படிக்கும் ஒரு தரவு வடிவம்) ஒரு சீட்டு எழுதித் தரும், அவ்வளவுதான். கூப்பிடுவதும், கிடைத்த விடையை உரையாடலில் சேர்த்துத் திரும்ப அனுப்புவதும் நம் ஜாவாஸ்கிரிப்ட் கோடின் வேலை. வெர்சலின் ஏஐ எஸ்டிகே மாதிரி லைப்ரரிகள் இதை நமக்காகவே செய்துவிடுவதால் நடப்பது கண்ணில் படுவதில்லை.

'டூல் ஓடுது, பதிலே வரலை' என்று மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். ஏஐ எஸ்டிகே 5-இல் மாடலைக் கூப்பிடும் ஜெனரேட்டெக்ஸ்ட் ஃபங்ஷன், நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஒரே ஸ்டெப்போடு, அதாவது மாடலை ஒரு தடவை கேட்பதோடு, நின்றுவிடும். டூலைக் கேட்டதிலேயே அந்த ஸ்டெப் தீர்ந்தது, விடையைப் படித்துப் பேச இன்னொன்று வேண்டும். ஸ்டாப்வென் ஆப்ஷனில் 5 ஸ்டெப் வரை விடுங்கள், பேசும். எரிச்சலில் 100 போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு ஸ்டெப்பிலும் முழு உரையாடலும் மறுபடி போகிறது, டோக்கன் (மாடல் படித்து எழுதும் சொல் துண்டு) கணக்கில் பில் உங்களுக்குத்தான் வரும்.

அப்புறம் டூலின் விளக்கம். ஆர்டர் நிலவரம் பார்க்கும் டூலுக்கு நான் சோம்பேறித்தனமாக 'கெட் டேட்டா' என்று மட்டும் எழுதியிருந்தேன். 'என் பார்சல் எங்கே?' என்று கேட்டால் மாடல் டூலைத் தொடாமலே 'நாளை வந்துவிடும்' என்று அளந்துவிட்டது. 'ஆர்டர் நிலவரம் கேட்டால் இதை அழை, எண் தராவிட்டால் முதலில் எண்ணைக் கேள்' என்று மாற்றியதும் ஒழுங்காக எண் கேட்டது. எண் தப்பாக இருந்தால் வெறும் எர்ரரை வீசாமல், 'அந்த எண்ணில் ஆர்டர் இல்லை' என்பதையே விடையாகக் கொடுங்கள், மீதியை மாடல் சமாளிக்கும்.

ஏபிஐ கீயை (மாடல் சேவைக்கான ரகசியச் சாவி) பிரவுசர் கோடில் வைக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் 'நெக்ஸ்ட் பப்ளிக்' என்ற முன்னொட்டோடு கீயை எழுதிவைத்து, பிரவுசர் கோடு அதைத் தொட்டால், அது பிரவுசருக்குப் போகும் பண்டிலோடு வெளியே போய்விடும்.

இதைவிட நைசாக மாட்டிவிடுவது யூசர் ஐடி. அதை டூலின் பாராமீட்டராக வைத்தால் நிரப்புவது மாடல், யாராவது 'நான் 102-ம் நம்பர் யூசர்' என்று சொன்னால் நம்பி 102 என்றே நிரப்பிவிடும். மதிப்புகளின் வடிவத்தைச் சரிபார்க்கும் ஜோட் ஸ்கீமா இருக்கிறதே என்றால், அது எண் எண்ணாக இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, ஆர்டர் இவருடையதா என்று பார்க்காது. ஐடியை லாகின் செஷனிலிருந்து சர்வரில் எடுங்கள். ஆர்டரை ரத்து செய்வது, பணம் திருப்புவது மாதிரி டூல்களுக்கு நடுவில் ஒரு 'சரி' பட்டன் வையுங்கள், அதை மனிதர் அழுத்தட்டும்.