வான் பார்க்கும் மாலையைக் கெடுக்கும் தவறுகள்: மட்டக்களப்பு, அம்பாறை ஏற்பாட்டாளர்களுக்கு

கல்லடிக் கடற்கரையிலோ கல்முனையில் ஒரு பாடசாலை மைதானத்திலோ தொலைநோக்கி ஒன்றை நிறுத்திப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வரிசை சேர்ந்துவிடும். கச்சான் விற்கிறவரும் வண்டிலை ஓரங்கட்டிவிட்டு ஒரு தடவை குனிந்து பார்க்க வருவார். 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய பிறகு பிள்ளைகள் கேட்கிற கேள்விகளும் கூடியிருக்கின்றன. ஆர்வத்துக்கு ஊரில் பஞ்சமில்லை. நாற்பது நிமிடம் வரிசையில் நின்ற பிள்ளை கண்ணை வைக்கிறது. உள்ளே கறுப்பாக இருக்கிறது. "தெரியுதா?" என்று கேட்டால் மரியாதைக்காக "ஓம் சேர், தெரியுது" என்கிறது. அந்தப் பிள்ளை அடுத்த முறை வராது. ஏற்பாட்டில் விடுகிற தவறுகள் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் வந்து முடிகின்றன.

நாள் குறிப்பதில் வரும் பிழை

அதிகம் நடப்பது போயா நாளைத் தெரிவு செய்வது. விடுமுறை, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், நிலாவும் முழுதாக இருக்கும் என்று நினைப்பார்கள். பூரணை இரவு பாடுமீன் கேட்கக் கல்லடிப் பாலத்துக்குப் போக நல்ல இரவு. தொலைநோக்கிக்கு அது ஆகாத இரவு. அன்று சூரிய ஒளி நிலாவின் முகத்தில் நேராக விழுகிறது. நிழல் விழாததால் பள்ளமும் மலையும் தெரியாமல், வெள்ளைத் தட்டொன்று கண்ணைக் கூச வைக்கும். வெள்ளிகளும் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

வளர்பிறை அட்டமி, நவமி, தசமி நாட்களே பொருத்தமானவை. பொழுது படும்போது நிலா தலைக்கு மேலே உயரத்தில் நிற்கும், நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் மறையும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் விளிம்பு ஒளிர்ந்து, உள்ளே நிழல் கறுப்பாகக் கிடக்கும். நவமி, தசமியை ஒட்டி கோப்பர்நிக்கஸ் பள்ளம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வரும். அதன் அகலம் 93 கிலோமீற்றர். மட்டக்களப்பு நகரிலிருந்து பொத்துவில் வரை கோடு கிழித்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே காதருகே இதைச் சொல்லுங்கள். கண்ணை எடுக்க மனம் வராது.

அடுத்த பிழை ஒக்டோபர். உலக விண்வெளி வாரம் ஒக்டோபர் 4 முதல் 10 வரை. முதல் செய்மதி ஸ்புட்னிக் 1957 ஒக்டோபர் 4இல் ஏவப்பட்டதும், விண்வெளி உடன்படிக்கை 1967 ஒக்டோபர் 10இல் நடைமுறைக்கு வந்ததும் அதற்குக் காரணம். நம் பக்கத்தில் அது மாரிக்கு முன்னோடியான காலம். பின்னேரமானால் இடியும் மழையும் திரளும். அந்த வாரத்தில் வினாவிடை, கண்காட்சி, செய்முறை என்று மண்டபத்துக்குள் செய்யக்கூடியவற்றை வையுங்கள். வெளியே வான் பார்ப்பதை பெப்ரவரி, மார்ச்சுக்கோ மே முதல் செப்டெம்பர் வரையுள்ள காலத்துக்கோ தள்ளுங்கள். அப்பல்லோ 11 நிலாவில் இறங்கிய யூலை 20ஆம் திகதி கிழக்கின் வறண்ட காலத்தில் வருகிறது. அதை ஒட்டி வருகிற வளர்பிறை வாரம் நல்ல தெரிவு. நவம்பர் முதல் ஜனவரி வரை முற்றாகத் தவிருங்கள்.

எழுவான் பக்கமா, படுவான் பக்கமா?

மட்டக்களப்பு மக்கள் தங்கள் நிலத்தையே வானத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இடம் தெரிவு செய்யும்போது மறந்துபோவதும் இதைத்தான். கடற்கரை திறந்த வெளி என்பதால் எல்லாவற்றுக்கும் அங்கே போகிறார்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. மாலையில் தெரிகிற வெள்ளிக் கோளும் இளம்பிறையும் மேற்கே நிற்பவை. கடற்கரையில் நின்றால் அவை தென்னைக்கும் கட்டிடத்துக்கும் பின்னால் போய்விடும். பிறை பார்க்கிறவர்களுக்கு இது பழகிய விடயம்: காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ தலைப்பிறை தேடுபவர் கடலைப் பார்த்து நிற்பதில்லை. மேற்கே பார்க்க வேண்டியவற்றுக்கு வாவியின் கிழக்குக் கரை வாய்ப்பானது. காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் என்றால் ஊருக்கு மேற்கே உள்ள வயல் ஓரம்.

கடற்கரைதான் வேண்டும் என்றால் கிழக்கில் எழும் கோள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடிவானத்தில் தலைகாட்டியதும் வரிசையைத் தொடங்காதீர்கள். தாழ்வாக நிற்கும்போது ஒளி தடித்த காற்றுப் படலத்தைக் கடந்து வருவதால் சனிக்கோள் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும். வானம் மணித்தியாலத்துக்கு 15 பாகை நகர்கிறது. எழுந்து இரண்டு மணித்தியாலம் கழிந்தால் 30 பாகை உயரம். அப்போது உருவம் அடங்கி நிற்கும். சனியின் வளையம் 2025இல் விளிம்பைக் காட்டி மெல்லிய கோடாகிப் போனது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும்.

மைதானத்தில் சீமெந்துத் தரையையும் தகரக் கூரைக்கு மேலாகப் பார்ப்பதையும் தவிருங்கள். பகலில் குடித்த சூட்டை அவை இரவில் கக்கும். அந்தச் சூட்டுக் காற்றில் படம் நெளியும். புல்தரை நல்லது.

வெளிநாட்டு நட்சத்திரப் படத்தை அச்சிட்டுக் கொடுப்பதும் பிழையே. அவை பெரும்பாலும் வட அகலாங்கு 40 பாகைக்கு வரைந்தவை. மட்டக்களப்பு 7.7 பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 8 பாகையில்தான் நிற்கும். புகாரில் அநேகமாகத் தெரியாது. பதிலாகத் தென்சிலுவை நமக்குக் கிடைக்கிறது, மே மாத இரவுகளில் தெற்கே நன்றாகத் தெரியும். கைத்தொலைபேசிச் செயலியில் இடத்தை உங்கள் ஊருக்கு மாற்றிவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். ஊரில் ஆழ்கடலுக்குப் போய்வந்த மூத்தவர் ஒருவர் இருந்தால் அவரையும் அழையுங்கள். விடிவெள்ளியையும் கார்த்திகைக் கூட்டத்தையும் பார்த்து நேரம் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே ஒரு கதிரை இருக்க வேண்டும்.

தொலைநோக்கியும் வரிசையும்

பெட்டியில் "525 மடங்கு" என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஒரு தொலைநோக்கி தாங்கக்கூடிய உருப்பெருக்கம், அதன் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவது. 70 மி.மீ. கருவிக்கு 140 மடங்கு. அதுவும் காற்று அசையாத இரவில் மட்டும். அதற்கு மேல் போனால் மங்கலான பொட்டுத்தான் பெரிதாகும்.

தொலைநோக்கியின் குவியத்தூரத்தை (முன்வில்லை ஒளியைக் குவிக்கும் தூரம்), கண் வைக்கும் பார்வைத்துண்டின் மில்லிமீற்றர் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். குவியத்தூரம் 700 மி.மீ., பார்வைத்துண்டு 25 மி.மீ. என்றால் 28 மடங்கு. முழு நிலாவும் உள்ளே அடங்கும், வியாழனின் நான்கு துணைக்கோள்களும் தெரியும். 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு. படம் பெரிதாகும், ஆனால் நடுவில் வைத்த கோள் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் வெளியே நழுவிவிடும். அதற்குள் இரண்டு பிள்ளைகள் பார்ப்பார்கள். மூன்றாவது பிள்ளைக்கு வெறும் கறுப்பு. "ஓம் சேர்" பிறக்கிற இடம் இதுதான். கூட்டத்துக்கு 25 மி.மீ. மட்டும் போதும். ஒருவர் பார்வைத்துண்டின் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு இரண்டு மூன்று பேருக்கும் இடையில் தானே பார்த்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

"தெரியுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வெளிச்சமான பக்கம் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். வியாழன் என்றால், "பக்கத்தில் எத்தனை பொட்டு?" என்று. பதில் வந்தால் பிள்ளை பார்த்துவிட்டது. சில கருவிகள் படத்தைத் தலைகீழாகவும் சில இடம்வலம் மாற்றியும் காட்டும். அதனால் பிள்ளையின் பதில் வானத்தோடு பொருந்தாவிட்டால் திருத்த வேண்டாம்.

கணக்கும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஆளுக்கு 40 வினாடி என்றால் மணித்தியாலத்துக்கு 90 பேர். 300 பேரை அழைத்து ஒரு தொலைநோக்கியை வைத்தால் கடைசிப் பிள்ளை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். 90க்கு மேல் போனால் இன்னொரு கருவி வேண்டும், அல்லது முக்காலியில் பொருத்திய 10×50 இருகண் நோக்கி. அது மலிவு, நிலாவின் பள்ளங்களையும் காட்டும். சின்னப் பிள்ளைகள் ஏறி நிற்க அசையாத மரப்பெட்டி ஒன்றை வையுங்கள். ஏறத் தெரியாத பிள்ளை பிடிக்கத் தேடுவது தொலைநோக்கியைத்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனியச் சொல்வது நல்ல பழக்கம்.

தேடுநோக்கியை, அதாவது குறிபார்க்கப் பெரிய குழாயின் மேல் பொருத்தியிருக்கும் சிறிய நோக்கியை, இரவில் சரிசெய்ய வெளிக்கிட்டால் அரை மணித்தியாலம் போய்விடும். பின்னேரம் 4 மணிக்கே, சூரியனுக்கு எதிர்ப்புறத்தில், ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தொலைபேசிக் கோபுரத்தின் உச்சியைப் பெரிய குழாயின் நடுவில் வையுங்கள். பிறகு தேடுநோக்கியின் ஆணிகளைத் திருகி அதே உச்சியைக் குறுக்குக் கோட்டில் கொண்டுவாருங்கள்.

பிரதம அதிதியின் உரை, விளக்கேற்றல், நன்றியுரை எல்லாவற்றையும் பொழுது படுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இருட்டிய முதல் மணித்தியாலம்தான் வெள்ளியும் இளம்பிறையும் மேற்கே நிற்கிற நேரம். மேடை விளக்கு எரிந்தால் கண் இருட்டுக்குப் பழகாது. பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும், ஒரு கைத்தொலைபேசி வெளிச்சம் அதை ஒரு நொடியில் கலைத்துவிடும். ரோச் லைட்டுக்குச் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள்.

சூரியன்: இதில் மட்டும் இரண்டாம் வாய்ப்பு இல்லை

2019 டிசம்பர் 26இல் வடக்கே வளையமாகவும் இங்கே பகுதியாகவும் கிரகணம் தெரிந்தது. 2027 ஓகஸ்ட் 2ஆம் திகதி பின்னேரம் இன்னொரு பகுதிக் கிரகணம் வருகிறது. சூரியன் அப்போது மேற்கே சாய்ந்திருக்கும். அதுதான் அபாயம்: தாழ்ந்த சூரியன் மங்கலாக இருப்பதால் வெறுங்கண்ணால் பார்க்கத் தோன்றும். விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்த பிறகுதான் பார்வையின் நடுவில் கறுப்புப் பொட்டு வரும், அது நிரந்தரமாகவும் நின்றுவிடலாம். எக்ஸ்ரே படலம், இறுவட்டு, கரி பிடித்த கண்ணாடி, கூலிங்கிளாஸ் எதுவும் போதாது. கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை அவை கடத்திவிடும். ஐஎஸ்ஓ 12312-2 தரத்தில் செய்த கிரகணக் கண்ணாடி வேண்டும். கீறலோ துளையோ இருந்தால் எறிந்துவிடுங்கள். அதை அணிந்துகொண்டு தொலைநோக்கிக்குள் பார்க்கவும் கூடாது.

சில மலிவான தொலைநோக்கிகளோடு பார்வைத்துண்டில் திருகும் சிறிய கறுத்த வடிகட்டி ஒன்று வரும். அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயிலில் அது சட்டென்று வெடிக்கும், கண் அங்கேதான் இருக்கும். வடிகட்டி குழாயின் முன்வாயில் இருக்க வேண்டும். காற்றுக்குக் கழராதபடி ஒட்டுப்பட்டையும் வேண்டும். தேடுநோக்கியின் மூடியைத் திறக்காதீர்கள்.

கூட்டத்துக்குப் பாதுகாப்பான வழி அட்டையில் 2 மி.மீ. துளை. 2 மீற்றர் தூரத்தில் வெள்ளைத் தாள் பிடித்தால் ஏறத்தாழ 18 மி.மீ. அகலத்தில் சூரியன் விழும். மாமர நிழலில் நின்றால் துளையும் வேண்டாம்: இலைகளுக்கிடையிலுள்ள ஒவ்வொரு இடைவெளியும் தரையில் ஒரு பிறையைப் போடும்.

போத்தல்கள்

"விண்வெளியில் ஈர்ப்பு இல்லை" என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது பரவலான பிழை. பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியீர்ப்பு தரையில் இருப்பதில் 10இல் 9 பங்கு இருக்கிறது. அவர்கள் மிதப்பது, நிலையமும் அவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால். ஒரு பிளாஸ்டிக் போத்தலின் பக்கவாட்டில், அடிக்குச் சற்று மேலே ஆணியால் துளையிட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து பிடியுங்கள். தண்ணீர் வளைந்து பாயும். வாங்கின் மேல் ஏறி நின்று கையை விடுங்கள்: விழுகிற அந்த அரை வினாடியில் பாய்ச்சல் நின்றுவிடும். மூன்று தடவை செய்ய வேண்டும்; முதல் தடவை யாரும் சரியான இடத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

தண்ணீர் ரொக்கெட்டுக்கு சோடாப் போத்தலே வேண்டும். குடிநீர்ப் போத்தல் அழுத்தம் தாங்காது. 1.5 லீற்றர் போத்தலில் 500 மி.லீ. தண்ணீர் போதும். உந்துவதற்கு எறியப்படுவது தண்ணீர், அதை எறியும் சக்தி அமுக்கிய காற்றில் இருக்கிறது. தண்ணீரைக் கூட்டினால் காற்றுக்கு இடம் குறையும், ரொக்கெட் அரை உயரத்தில் விழும். அமுக்கமானி உள்ள சைக்கிள் பம்பால் 40 முதல் 50 பிஎஸ்ஐ வரை அடித்து நிறுத்துங்கள். செட்டைகளைச் சூட்டுப் பசையால் ஒட்டினால் போத்தல் அந்த இடத்தில் இளகும், வெடிப்பதும் அங்கேதான். அகலமான ஒட்டுநாடா பாவியுங்கள். வெள்ளைக் கோடு விழுந்த போத்தலைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். ரொக்கெட்டை விடுவிக்க இழுக்கும் கயிறு 5 மீற்றருக்குக் குறையக் கூடாது, பார்வையாளர் 15 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். கச்சான் காற்று வீசும் நாளில் ரொக்கெட் எந்தக் கூரைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

மேடையில் சொல்லக் கூடாதவை

செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியப்போகிறது என்ற வட்ஸ்அப் செய்தி ஓகஸ்டில் திரும்பத் திரும்ப வரும். செவ்வாய் ஒருபோதும் அப்படித் தெரியாது. இரவில் வரிசையாக நகரும் ஒளிப்பொட்டுகளைக் கண்டு ஊர் கலங்கினால், அவை பெரும்பாலும் அண்மையில் ஏவிய ஸ்டார்லிங்க் செய்மதிகள். பன்னாட்டு நிலையம் வரும் நேரத்தை ஒரு வாரம் முன்பே துண்டுப்பிரசுரத்தில் அச்சிடாதீர்கள். பாதை மாறும், முதல் நாள் மீண்டும் பாருங்கள். பொழுது பட்டு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குள் அல்லது விடியுமுன் மட்டுமே தெரியும். மின்னி மின்னிப் போனால் அது விமானம்.

"அமெரிக்கர் நட்ட கொடி எங்கே?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். 70 மி.மீ. கருவி நிலாவில் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய பொருள் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் அகலமானது. இந்த எண்ணைச் சொன்னால் போதும், வாதம் வேண்டாம். நாசாவைப் பற்றியே பேசி முடிக்காமல் நம் பக்கத்துச் செய்தியையும் சொல்லுங்கள்: ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்து தெற்கே போகும் இந்தியாவின் பிஎஸ்எல்வி ரொக்கெட் இலங்கைக்கு மேலாகப் பறக்காமலிருக்கக் கடலுக்கு மேல் வளைந்து போகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாவதால்தான் தமிழ்நாட்டின் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்டுகிறார்கள். இலங்கையின் முதல் சிறு செய்மதியான இராவணா-1, ஏறத்தாழ ஒரு கிலோ எடையோடு 2019 யூன் 17இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. ஒரு கிலோ சீனிப் பையைக் கையில் கொடுத்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

எல்லோரும் போன பிறகு

கடல் காற்றில் நின்ற வில்லையில் உப்பும் பனியும் படிந்திருக்கும். சட்டை நுனியாலோ சாரத்தாலோ துடைத்தால் உப்புத் துகள் வில்லைப் பூச்சைக் கீறிவிடும். ஈரத்தோடு மூடியைப் போட்டால் சில வாரங்களில் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்தபடி வாயைக் கீழே சரித்து, மின்விசிறி நேரே படாத அறையில் காலை வரை வையுங்கள். காய்ந்ததும் காற்றூதும் ரப்பர் குமிழால் தூசை ஊதிவிட்டு மூடிப் பெட்டியில் வையுங்கள். பழைய மருந்துப் போத்தல்களில் கிடக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் நாலைந்தையும் உள்ளே போடுங்கள்.