மதுச் சார்பை மூளைப் படங்களின் வழியே ஆய்வது எப்படி: இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி முடிக்கும்வரை எம்.ஆர்.ஐ. கருவிக்கு நேரம் பதிவு செய்யாதீர்கள். "குடிப்பவரின் மூளையில் என்ன மாறுகிறது" என்பது ஆர்வமே தவிர, ஆய்வுக் கேள்வி அன்று. மூளையின் அளவு சுருங்கியிருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் வழக்கமான கட்டமைப்பு எம்.ஆர்.ஐ. போதும். மூளையின் வேதித்தூதுவர்களில் ஒன்றான டோபமைனை ஏற்கும் ஏற்பிகளின் நிலையை அறிய, சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் தேவைப்படும். அதற்குப் பயன்படும் கார்பன்-11 சுமார் 20 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடுவதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கி அருகிலேயே இருக்க வேண்டும். மதுவைக் கண்டதும் மூளை எப்படி எதிர்வினையாற்றுகிறது, அந்த எதிர்வினைக்கும் மீண்டும் குடிப்பதற்கும் தொடர்பு உண்டா என்பது உங்கள் கேள்வியானால், செயல்சார் எம்.ஆர்.ஐ.தான் உரிய கருவி. இக்கட்டுரை இந்த மூன்றாவது வகை ஆய்வைப் பற்றியது.

இக்கருவி நரம்புச் செல்களின் வேலையை நேரடியாக அளப்பதில்லை. 1990-ல் செய்ஜி ஒகாவாவும் அவருடன் பணியாற்றியோரும் காட்டியபடி, இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அளவு மாறும்போது காந்தச் சமிக்ஞையும் மாறுகிறது. அந்த மாற்றம் உச்சத்தை எட்ட ஏறத்தாழ 5 முதல் 6 வினாடிகள் ஆகும். ஆகவே நாம் அளப்பது இரத்த ஓட்டத்தின் நிழலையே. மது, காபி, புகையிலை ஆகிய மூன்றும் இரத்த ஓட்டத்தையே மாற்றக்கூடியவை என்பதால், மதுச் சார்பு ஆய்வில் பிழை நுழையும் முதல் வாசல் இதுதான்.

அடுத்து, யாரைச் சேர்ப்பது என்பது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் நூலான டி.எஸ்.எம்.-5 கையேட்டின் 11 அளவுகோல்களில் குறைந்தது இரண்டு, 12 மாதக் காலத்துக்குள் பொருந்தினால் மதுப் பயன்பாட்டுக் கோளாறு எனக் கொள்ளப்படுகிறது. ஆறு அல்லது அதற்கு மேல் பொருந்தினால் அது கடுமையானது. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாள் 10 கேள்விகளும் 40 மதிப்பெண்களும் கொண்டது; முதற்கட்டத் தெரிவுக்கு அது நன்கு உதவும். ஆனால் மதிப்பெண் மட்டும் போதாது. நாட்காட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, திருவிழா, சம்பள நாள், துக்க வீடு என நினைவில் நிற்கும் நாட்களைத் தொட்டுத் தொட்டு, கடந்த சில மாதங்களில் எந்த நாளில் எவ்வளவு குடித்தார் என்பதை அவருடனேயே உட்கார்ந்து எழுதுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். எனினும் பின்னாளில் மூளைப் படத்தோடு ஒப்பிட உங்கள் கையில் இருக்கும் நம்பகமான நடத்தைப் பதிவு அதுவே. ஒப்பீட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது வயது, பாலினம், கல்வி ஆகியவற்றோடு புகைப்பழக்கத்தையும் பொருத்திப் பாருங்கள். சிகிச்சைக்கு வருவோரில் மிகப் பலர் புகைப்பவர்கள். ஒப்பீட்டுக் குழுவில் புகைக்காதவர்களை மட்டும் வைத்தால், முடிவில் தெரியும் வேறுபாடு மதுவுடையதா புகையிலையுடையதா என்று ஒருபோதும் சொல்ல இயலாது. தலைக்காயம், கல்லீரல் நோய், வலிப்பு ஆகியவற்றின் வரலாற்றையும் தவறாமல் பதிவு செய்யுங்கள்.

எந்த நாளில் படமெடுப்பது என்பதை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் நடுக்கமும் பதற்றமும் தூக்கமின்மையும் இருக்கும். அவற்றைத் தணிக்கக் கொடுக்கப்படும் டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு போன்ற மருந்துகள் உடலில் பல நாட்கள் தங்கி மூளையின் எதிர்வினையை மட்டுப்படுத்தும். குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே சுருங்கிய மூளைப் பகுதிகள் ஓரளவு மீளத் தொடங்குவதால், ஒருவரை ஐந்தாம் நாளிலும் மற்றொருவரை நாற்பதாம் நாளிலும் படமெடுத்து ஒரே குழுவில் சேர்ப்பது முறையாகாது. கடைசியாகக் குடித்த நாளிலிருந்தும் கடைசி மருந்து வேளையிலிருந்தும் எத்தனை நாட்கள் கழித்துப் படமெடுப்பது என்ற வரம்பை முன்கூட்டியே வகுத்து, அதற்குள் வராதவரைச் சேர்க்காதீர்கள்.

கருவிக்குள் காட்டப்படும் படங்களில் பலர் அக்கறை காட்டுவதில்லை. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் உருவாக்கிய படத்தொகுப்புகளில் வைன் கோப்பைகளும் நுரை ததும்பும் பீர் குவளைகளும் நிறைந்திருக்கும். டாஸ்மாக் கடையில் 180 மி.லி. பிராந்தி வாங்கி, பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கலந்து குடித்துப் பழகியவருக்கு வைன் கோப்பை பெரும்பாலும் வெறும் கண்ணாடிப் பாத்திரம்தான். அவருடைய மூளை எதிர்வினை காட்டவில்லை என்றால் அதற்குப் பொருள் அவருக்கு வேட்கை இல்லை என்பதன்று. எனவே குவார்ட்டர் பாட்டில், டம்ளர், ஊறுகாய்ப் பொட்டலம், கடையின் கம்பித் தடுப்பு என உள்ளூர்ப் படங்களை நீங்களே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இணையாக, அதே ஒளி அளவும் நிறமும் கோணமும் கொண்ட மதுவற்ற படம் ஒன்று வேண்டும்: குவார்ட்டர் பாட்டிலுக்கு அதே உயரமுள்ள எண்ணெய்ப் பாட்டில், பிராந்தி டம்ளருக்குத் தேநீர் டம்ளர். மதுப் படங்கள் மட்டும் பளிச்சென்று இருந்தால் நீங்கள் அளப்பது பார்வைப் புறணியின் வேலையாகவே முடியும். படங்களை ஆய்வில் சேராத வேறு சிலரிடம் காட்டி, எவை வேட்கையைத் தூண்டுகின்றன என்று மதிப்பிடச் செய்த பின்பே இறுதி செய்யுங்கள்.

படமெடுக்கும் நாளில் மூச்சுப் பரிசோதனையில் மது இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். போதையில் இருப்பவரிடமோ குடியை நிறுத்தியதால் எழும் கடும் விலகல் அறிகுறிகளோடு இருப்பவரிடமோ பெற்ற ஒப்புதல் செல்லாது. ஒப்புதலை அவர் தெளிவாக இருக்கும் நாளில், அவர் பேசும் தமிழில் விளக்கிப் பெறுங்கள். கடைசிப் புகைக்கும் படமெடுப்புக்கும் இடையிலான நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். உலோகப் பொருட்களைப் பற்றிப் பொதுவாகக் கேட்டால் பலர் இல்லை என்றே சொல்வார்கள். அரைஞாண், தாயத்து, மெட்டி, பல்லில் போட்ட கம்பி, வெல்டிங் வேலையில் கண்ணில் தெறித்த துகள் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வேட்கையின் அளவை 0 முதல் 10 வரை படமெடுப்புக்கு முன்னும் பின்னும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படங்கள் வேட்கையைத் தூண்டியிருந்தால், அது தணியும்வரை ஆலோசகர் ஒருவர் அவருடன் அமர்ந்திருக்க வேண்டும். நம் ஆய்வுக்காக ஒருவரின் தாகத்தைக் கிளறிவிட்டு அப்படியே பேருந்து நிலையத்துக்கு அனுப்பி வைப்பது கொடுமை.

பகுப்பாய்வில் தலை அசைவே பெரிய எதிரி. விலகல் நிலையில் இருப்பவர் ஒப்பீட்டுக் குழுவினரைவிட அதிகம் அசையக்கூடும். அந்த அசைவே குழு வேறுபாடாகத் தோன்றிவிடும். மூளை ஒரு லட்சம் சிறு கனசதுரங்களாகப் பிரிக்கப்பட்டால், 0.05 என்ற வரம்பில், அதாவது நூற்றில் ஐந்து முறை தற்செயலாகத் தவறலாம் என்று ஏற்கும் வரம்பில், எந்த விளைவும் இல்லாமலே சுமார் 5,000 இடங்கள் ஒளிரும். இத்தகைய தற்செயல் ஒளிர்வுகளைக் கட்டுப்படுத்தும், பல ஒப்பீடுகளுக்கான திருத்தம் ஆகவே கட்டாயம். அத்திருத்தத்திலும், ஒளிரும் இடங்களைத் தொகுப்புகளாக்க வைக்கும் தளர்வான தொடக்க வரம்பு தவறான முடிவுகளைப் பெருக்கும் என்பதை 2016-ல் ஆண்டர்ஸ் எக்லுண்டும் அவர் குழுவினரும் காட்டினார்கள். வென்ட்ரல் ஸ்ட்ரயேட்டம் (வெகுமதியோடு தொடர்புடைய ஆழ்பகுதி), இடை முன்புறணி (நெற்றிக்குப் பின்னுள்ள புறணியின் நடுப்பகுதி) என எந்தப் பகுதிகளைச் சோதிக்கப்போகிறீர்கள் என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

வென்ட்ரல் ஸ்ட்ரயேட்டம் ஒளிர்ந்ததைக் கண்டு "வேட்கை தெரிகிறது" என்று எழுதாதீர்கள். பணம், உணவு, புதுமை எதுவும் அதைத் தூண்டலாம். ஜெர்மனியில் நடந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படியுங்கள். 2004-ல் வெளிவந்த சிறிய ஆய்வு, மதுப் படங்களுக்கு ஸ்ட்ரயேட்டமும் இடை முன்புறணியும் வலுவாக எதிர்வினையாற்றுவதை, மீண்டும் குடிப்பதோடு தொடர்புபடுத்தியது. 2012-ல் 46 பேரிடம் நடந்த ஆய்விலோ, இடை முன்புறணியின் எதிர்வினை மீண்டும் குடித்தோரிடமும், வென்ட்ரல் ஸ்ட்ரயேட்டத்தின் எதிர்வினை குடிக்காமல் இருந்தோரிடமும் கூடுதலாக இருந்தது. ஒரே பகுதி எதிர் எதிர்த் திசைகளைக் காட்டும்போது, ஒரு தனிமனிதரின் எதிர்காலத்தை அவருடைய படத்தைக் கொண்டு சொல்லத் துணியலாகாது.

காரணமா விளைவா என்ற கேள்விக்கு ஒரே ஒருமுறை எடுத்த படம் விடை தராது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் விவேக் பெனகல் குழுவினர், குடும்பத்தில் மதுச் சார்பு மிகுந்த, ஆனால் தாங்கள் குடித்தறியாத இளைஞர்களை ஆராய்ந்தபோது, மூளையின் சில பகுதிகளில் நரம்புச் செல்கள் செறிந்த சாம்பல் நிறப் பொருள் ஏற்கெனவே குறைவாக இருந்தது. ஆகவே நீங்கள் காணும் வேறுபாட்டில் ஒரு பங்கு, குடிக்கு முந்தையதாகவும் இருக்கலாம்.

இதனால்தான் தொடர்கண்காணிப்பு இல்லாத ஆய்வை நான் பரிந்துரைப்பதில்லை. படமெடுத்த பின் ஒன்று, மூன்று, ஆறு மாதங்களில் அதே நாட்காட்டி முறையில் குடித்த நாட்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். தொலைபேசி எண்கள் மாறிவிடும் என்பதால், அவருடைய ஒப்புதலோடு மனைவி, அண்ணன் என இருவரின் எண்களையும் வாங்கிவையுங்கள். அழைக்கும்போது "மறுபடி குடித்தீர்களா" என்று தொடங்காமல் உறக்கம், வேலை, உடல்நலம் ஆகியவற்றைக் கேட்டபின் குடிக்கு வாருங்கள். மீண்டும் குடித்தவரைச் சிகிச்சைக்கு வரச்சொல்லி அன்றே நாள் குறித்துக் கொடுங்கள்.