நீர்மருதை அடையாளம் காண்பது எப்படி?

மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டதும் எந்த மருது என்று பார்க்காமல் பட்டையை உரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். மருந்துக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது நீர்மருது, அதாவது வெண்மருது. கருமருது அதன் பங்காளி, இலையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் அடிமரத்தைப் பாருங்கள். நீர்மருது என்றால் ஒரு கொய்யா மரத்தை இருபது மீட்டருக்கு மேல் வளர்த்துவிட்டது போல வழுவழுப்பாக, வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும், பட்டை தகடு தகடாகத் தானே கழன்று விழும், கழன்ற இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். கருமருதின் பட்டை அப்படி இல்லை, கறுத்து, முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். ஆற்றங்கரை, ஓடைக்கரை என்றால் நீர்மருதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் சாலையோரத்திலும் நட்டு வளர்ப்பதால் இடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

அப்புறம் இலை. நீள்சதுரமாக, ஏறக்குறைய எதிரெதிராக இருக்கும். காம்பு சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவினால் மரு போல இரண்டு சின்னச் சுரப்பிகள் தட்டுப்படும். இதுபோன்ற சுரப்பி கருமருது இலையிலும் உண்டு, அதனால் இதை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

எனக்கு உறுதி தருவது காய்தான். மரத்தடியில் தேடினால் காய்ந்த காய் ஒன்றாவது கிடைக்கும். கட்டையாக, நார்த்தன்மையோடு, நீளவாக்கில் ஐந்து இறக்கைகள். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து இறக்கையில் ஓடும் கோடுகளைக் கவனியுங்கள்: மேல்நோக்கி வளைந்து போனால் நீர்மருது, இறக்கை அகலமாகி, கோடுகள் நேராக விளிம்புவரை ஓடினால் கருமருது. பட்டையும் காயும் ஒத்துப்போனால் சரி, மரம் அதுதான்.

பயனுக்கு வருவோம். பட்டையில் துவர்ப்புச் சத்தான டானின் நிறைய இருக்கிறது, அர்ஜுனோலிக் அமிலம், ஃபிளேவனாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்களும் உண்டு. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் இதயத்துக்குப் பட்டையைப் பாலிலோ நீரிலோ காய்ச்சிக் கொடுப்பது பழைய முறை. நெஞ்சுவலி உள்ளவர்களிடம் நடந்த சில சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்தாலும், இதய மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு அவை போதாது. ரத்தம் உறையாமலிருக்கவோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். திடீரென்று நெஞ்சு வலித்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தயவுசெய்து அடிமரத்தைச் சுற்றிலும் பட்டையை உரிக்காதீர்கள். இலையில் தயாராகும் உணவு பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது, அது முழுவட்டமாக அறுபட்டால் எவ்வளவு பெரிய மரமும் பட்டுப்போகும். தானாகக் கழன்று விழுந்த தகடும் ஒரு காயும் கையில் இருந்தால் அடையாளம் பார்க்க அதுவே போதும்.